மெட்ஸின் இரண்டாம் பேஸ்: மர்ஃபியா, வாக்கரா?

2016 சீசனுக்கு நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி, இரண்டாம் பேஸ் அருகே நின்று தடுத்தாடும் டேனியல் மர்ஃபியைப் போகவிட்டு, அந்த இடத்துக்குப் பிட்ஸ்பர்க் அணியிலிருந்து நீல் வாக்கரைக் கொண்டுவந்தது. பதிலுக்குப் பந்துவீச்சாளர் ஜான் நீஸைக் கொடுத்தது.

தடுப்பாட்டத்தில் வாக்கரைத்தான் நம்பலாம். 2015 உலகத் தொடரின் (பேஸ்பால் சீசனின் இறுதிச் சுற்று) நான்காவது ஆட்டத்தை யாரால் மறக்க முடியும்? ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ், மெட்ஸ் 3-2 என முன்னிலை. எதிரணியான கேன்சஸ் சிட்டியின் ஹாஸ்மர் மெதுவாகத் தட்டிவிட்ட பந்து மர்ஃபியின் கையுறைக்கு அடியில் நழுவிப் போனது. ஸ்கோர் சமன், கடைசியில் 5-3 என்று தோல்வி. ஆனால் அந்தத் தொடர் வரைக்கும் அணியைத் தூக்கிச் சுமந்ததும் அவர்தானே! பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளில், தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார்.

வாக்கர் இரு பக்கமும் நின்று அடிப்பவர். இடதுகைப் பந்துவீச்சாளர்கள் வரும்போது அது பெரிய பலம். 2016இல் பேட்டிங் சராசரி .282 (ஆயிரம் வாய்ப்புக்கு 282 ஹிட் என்ற கணக்கு), ஹோம் ரன் 23. குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் முதுகு வலி வந்து, ஆகஸ்டோடு அவர் சீசன் முடிந்தது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

மர்ஃபியோ வாஷிங்டன் அணிக்குப் போய் .347 அடித்தார், 25 ஹோம் ரன் வேறு. அதுவும் மெட்ஸ் ஆடும் அதே டிவிஷனில், அடிக்கடி மோத வேண்டிய அணியில்! சரி, வாக்கர் நல்ல ஆட்டக்காரர்தான். இருந்தாலும் என் ஓட்டு மர்ஃபிக்கே. அந்த மட்டைக்காக இன்னும் சில பிழைகளைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.