அப்பிங்கெடாமில் வீடா, பக்கத்துக் கிராமத்திலா?

நெதர்லாந்தின் வடகிழக்கில், குரோனிங்கன் மாகாணத்தில் உள்ள சிறு நகரம் அப்பிங்கெடாம். 1327இலேயே நகர உரிமை பெற்றது. வாய்க்கால் நீருக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சமையலறைகளைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. ஆனால் அங்கே சமைப்பது வேறு, பாலத்தில் நின்று படம் எடுப்பது வேறு.

நகரத்தில் ரயில் நிலையம், கடைகள் எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. பக்கத்தில் உள்ள ஸேரைப் (Zeerijp) என்ற கிராமம் போன்ற இடத்தில் பழைய தேவாலயம், பரந்த வயல், தோட்டத்தோடு வீடு கிடைக்கும், ரயில் கிடையாது. கார் ஓட்டாதவர்கள் கிராமத்தை மறந்துவிடலாம்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி நிலநடுக்கம். எரிவாயு எடுத்ததால் தரை அதிர்ந்தது: 2012இல் ஹௌஸிங்கே கிராமத்தில் 3.6 அளவு, 2018இல் ஸேரைப்பிலேயே 3.4. 2024இல் அந்த எரிவாயு வயலைச் சட்டப்படி மூடிவிட்டார்கள். அதிர்வு அதனால் உடனே நின்றுவிடாது. ஆகவே விலையைக் கேட்குமுன் விரிசலைப் பற்றிக் கேளுங்கள். சேதம் பதிவானதா, இழப்பீடு யார் வாங்கினார்கள், வலுப்படுத்தும் பணி முடிந்ததா? பழைய செங்கல் பண்ணைவீடு என்றால் கட்டடப் பரிசோதகர் இல்லாமல் கையெழுத்திடவே கூடாது.

செலவில் வேறுபாடில்லை. குடியிருக்க வாங்கினால் பொதுவாக 2 சதவீதப் பரிமாற்ற வரி, மேலே நோட்டரி கட்டணம். ஒப்பந்த நகல் கைக்கு வந்தபின் மனம் மாற மூன்று நாள் அவகாசமும் உண்டு.

என் ஓட்டு நகரத்துக்கு, அதிலும் வலுப்படுத்தி முடித்த வீட்டுக்கு. நாய் வளர்ப்பவர்கள் மறுப்பார்கள்.