மாட்யுலர் வார்ட்ரோப் மாட்டும்போது கருப்பு ஸ்க்ரூவை எடுத்தால் வேலையை நிறுத்துங்கள்

அட்டைப்பெட்டியில் பலகை பலகையாக வந்து வீட்டில் மாட்டப்படும் அலமாரி, கட்டில், டிவி யூனிட் எதையாவது ஆர்டர் போட்டிருந்தால், மாட்டும் ஆள் வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் நாங்கள் ஆன்லைனில் வாங்கிய மூன்று கதவு வார்ட்ரோப் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பலகையைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியோடு வந்த ஸ்க்ரூவை விட்டுவிட்டு, மாட்ட வந்தவர் தன் பையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கம்பெனி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் நடுத்தட்டு ஒரு பக்கமாக இறங்கியது. அப்புறம் கதவு சரியாக மூடவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பக்கப் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே இருந்தவை அம்மாவின் புடவைகளும் நான்கைந்து போர்வைகளும்தான். எல்லாவற்றையும் எடுத்த பிறகு பார்த்தேன், தரையில் கருப்பாக ஸ்க்ரூ தலைகள் மட்டும் கிடந்தன. உடம்பு பலகைக்குள்ளேயே நிற்கிறது. ஒன்றுகூட வளைந்திருக்கவில்லை, எல்லாம் கழுத்தோடு பட்டென்று முறிந்திருந்தன. பக்கப் பலகையில் ஃபேக்டரியில் போட்டுக் கொடுத்த ஓட்டை காலியாக இருக்கிறது. அதற்கு ஒரு விரல் தள்ளி, புதிதாகக் குத்திய இடத்தில் இந்தக் கருப்பு ஸ்க்ரூ. அந்த இடத்தில் பலகையின் விளிம்பு பிளந்து, மேலே ஒட்டிய லேமினேட் உப்பியிருந்தது.

தெரிந்த கார்பெண்டர் ஒருவரை வரவழைத்து வார்ட்ரோபை நகர்த்தினோம். அடியில் தரையை ஒட்டிய மறைப்புப் பலகைக்குப் பின்னால் பிரிக்காத பிளாஸ்டிக் கவர் ஒன்று கிடந்தது. தடித்த வெள்ளை ஸ்க்ரூக்கள், அவற்றைத் திருக ஆலன் கீ, சுவரில் பிணைக்கும் எல் கிளாம்ப், எல்லாம் அப்படியே இருந்தன.

அந்தக் கருப்பு ஸ்க்ரூவை ஹார்டுவேர் கடையில் ஜிப்சம் ஸ்க்ரூ என்பார்கள், ட்ரைவால் ஸ்க்ரூ என்றும் பெயர். ஃபால்ஸ் சீலிங்கில் ஜிப்சம் போர்டைத் தகரச் சட்டத்திலோ மரச்சட்டத்திலோ பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தது. நன்றாகக் கடினப்படுத்திய எஃகு. அதனால்தான் முனை சர்ரென்று இறங்குகிறது. ஆனால் அதே கடினம்தான் ஆபத்து. பக்கவாட்டில் பாரம் விழுந்தால் வளைந்து கொடுக்கத் தெரியாது, முறிந்துவிடும். தடிமனும் சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான். மேல்பூச்சு துருவைப் பெரிதாகத் தடுக்காது, நம் ஊர்க் கடற்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்தக் கவரில் இருந்தது கன்ஃபர்மேட் ஸ்க்ரூ. பார்ட்டிகிள் போர்டுக்கென்றே வந்தது. பொதுவாக 7 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம், முனை மழுங்கல், மரை ஆழமாக வெட்டியிருக்கும். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்துகளைப் பசையில் அழுத்தியது. அதன் முகப்பைவிட விளிம்பில் ஸ்க்ரூவின் பிடி குறைவு. ஆனால் அலமாரியில் பெரும்பாலும் விளிம்பில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டியிருக்கிறது. அதனால் விளிம்பில் 5 மில்லிமீட்டர் ஓட்டையை முன்பே போட்டு, அதில் இந்தத் தடித்த ஸ்க்ரூவை இறக்கினால், மரை அகலமாகப் பரவி துகள்களைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை போடாமல் ஸ்க்ரூவை அடித்து இறக்கினால் விளிம்பு எளிதில் பிளக்கும்.

மாட்டிய அன்றே நான் கேட்டேன், “தம்பி, பெட்டியில வந்த ஸ்க்ரூ எங்கே?” என்று. “ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்குக்கா, இதுதான் ஸ்ட்ராங்கு, எல்லா வீட்லயும் இதான் போடறோம்” என்றார். ஓட்டைகள் நேருக்கு நேர் வர பலகையை மூலைமட்டம் பார்த்து நிறுத்த வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கருப்பு ஸ்க்ரூவுக்கு அதெல்லாம் தேவையில்லை, மெஷினை வைத்து அழுத்தினால் முடிந்தது. அந்தத் தம்பியை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் பார்ப்பார். செய்த வேலையை ஒருமுறைகூடச் சரிபார்க்காத கம்பெனியின் மேல்தான் என் கோபம்.

புகார் கொடுத்தபோது வந்த பதில் இன்னும் எரிச்சல். முதலில் “ஓவர்லோடு” என்றார்கள். போட்டோ அனுப்பியதும், மாட்டியது வெளி ஏஜென்சி ஆள், வாரண்டி பலகைக்கு மட்டும்தான் என்றார்கள். அந்த ஆளை அனுப்பியதும் அவர்கள்தான், பில்லில் மாட்டும் கூலி வாங்கியதும் அவர்கள்தான்.

எல் கிளாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஓட்டை போடச் சோம்பல்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள், வீட்டுக்காரர்களும் டைல்ஸ் உடையும் என்று வேண்டாம் என்பதுண்டு. 2016-ல் ஐகியா, மால்ம் வகை உட்பட சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது, சுவரில் பிணைக்காதவை சாய்ந்து குழந்தைகள் இறந்ததால். 2022 கடைசியில் அங்கே இதற்கென்றே சட்டமும் வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிளாம்ப் போடாமல் அந்த ஆளை வெளியே விடாதீர்கள்.

வேலை தொடங்குமுன் ஹார்டுவேர் கவரை உங்கள் முன்னாலேயே பிரித்துக் கொட்டி, பட்டியலோடு சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கவர் காலியாகாமல் வேலை முடிந்தது என்றால் எங்கோ ஏதோ விடுபட்டிருக்கிறது. மெஷினில் திருகும் வேகத்தையல்ல, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கிளட்சைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றைக் கையால் திருகச் சொல்லுங்கள். அழுத்தித் திருகினால் பார்ட்டிகிள் போர்டில் மரை பிடிக்கும் இடம் பொடிந்துவிடும், அப்புறம் அந்த ஓட்டை வீண். கடையில் தனியாக வாங்க நேர்ந்தால் கன்ஃபர்மேட் அல்லது சிப்போர்டு ஸ்க்ரூ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் ஸ்ட்ராங் என்று கடைக்காரர் விற்கப் பார்ப்பார். அது துருப்பிடிக்காது என்பது உண்மை, சமையலறை சிங்க் பக்கத்தில் போடலாம். ஆனால் கடினப்படுத்திய எஃகைவிட மென்மையானது, திருகும்போதே தலை மழுங்கிவிடும். படுக்கையறைக்குத் துத்தநாகம் (ஜிங்க்) பூசியதே போதும்.

எங்களுடையதைக் கார்பெண்டர் சரிசெய்தார். உடைந்த ஓட்டைகளை அகலப்படுத்தி, 8 மில்லிமீட்டர் மர டவலை, அதாவது உருண்டை மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, காய்ந்த பிறகு புதிதாக ஓட்டை போட்டு அதே கவரில் இருந்த ஸ்க்ரூவை மாட்டினார். விளிம்பு முழுக்கப் பிளந்த அடிப்பலகையை மாற்ற வேண்டியிருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது, மாட்டும் கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தது. பலகைக்கும் பழுதுக்கும் ஆன பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். உங்களுக்கும் இப்படி நடந்தால் முறிந்த ஸ்க்ரூக்களையும் பிரிக்காத கவரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில்லோடு சேர்த்து எடுத்து வையுங்கள், “ஓவர்லோடு” என்ற பேச்சுக்கு அவைதான் பதில்.