இரவு பில்டின் வேரியபிள்கள் எங்கே இருக்க வேண்டும்? கிரான்டேப், சிஸ்டம்டி, ஜென்கின்ஸ், கிட்லேப், தனிக் கோப்பு: ஓர் அலசல்

செங்கோட்டையில் தொடங்கி புளியரை தாண்டி ஆரியங்காவு வரைக்கும் சில கம்ப்யூட்டர் சென்டர்களுக்காக, டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து ஒரு லைவ் இமேஜ், அதாவது இன்ஸ்டால் செய்யாமலே நேராக பூட் ஆகும் இயங்குதளம், கட்டுகிறோம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல; பள்ளிக்கூடத்திலேயே கேரள அரசின் கைட் நிறுவனத்தின் உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்தைப் பார்த்துப் பழகியவர்கள். எங்கள் இமேஜில் விசேஷம் என்றால், தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் இரண்டு விசைப்பலகையும் முதல் பூட்டிலேயே வேலை செய்யும், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, இமேஜைக் கட்டும் லைவ்-பில்டு கருவி ஓடும். காலையில் ஐஎஸ்ஓ (இமேஜ் கோப்பு) தயாராக இருக்க வேண்டும்.

இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் கூடினால் ‘எதில் ஷெட்யூல் போடுவது’ என்றுதான் பேச்சு போகும். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ராத்திரி ஓடுகிற ஸ்கிரிப்ட் எந்த வேரியபிள்களை (ஒரு புரோகிராம் தொடங்கும்போது சூழலிலிருந்து அதற்குக் கிடைக்கும் பெயர்-மதிப்பு அமைப்புகளை) பார்க்கிறது, அதே வேரியபிள்களோடு பகலில் நான் கையால் ஓட்டிப் பார்க்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு வழியையும் அதை வைத்தே எடைபோடுகிறேன்.

எந்த வேரியபிள் தவறினால் என்ன கெடும் என்று முதலில் பார்த்துவிடலாம். எங்களில் ஒருவர் டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருக்கிறார், இன்னொருவர் மலையாளத்தில். கோப்புப் பெயரில் மாதத்தின் பெயரைச் சேர்க்கிற ஸ்கிரிப்டை இவர் ஓட்டினால் ‘ஜனவரி’ என்று வரும், அவர் ஓட்டினால் மலையாள எழுத்தில் வரும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஓடினால் ஆங்கிலத்தில் வரும். பெயர்களை வரிசைப்படுத்தும் ஒழுங்கும் லொகேலுக்கு (மொழி, வட்டார அமைப்புக்கு) தகுந்தபடி மாறும். எனவே ‘எல்சி_ஆல்’ வேரியபிளுக்கு ‘சி’ என்ற மதிப்பு கட்டாயம் வேண்டும். நேர மண்டலமும் அப்படித்தான். இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) முந்தின நாள் இரவு எட்டரை. ஒரு ஸ்கிரிப்ட் உள்ளூர் நேரத்தையும் இன்னொன்று யுடிசியையும் எடுத்தால் ஒரே இமேஜுக்கு இரண்டு தேதி வந்துவிடும். ‘சோர்ஸ்_டேட்_எபோக்’ வேரியபிளில் கடைசி கமிட்டின் (கோடில் பதிவான மாற்றத்தின்) நேரத்தை, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளாகக் கொடுத்தால் இமேஜுக்குள் போகும் தேதிகள் அதோடு கட்டுப்படும். ஒரே சோர்ஸ் கோடை இரண்டு முறை கட்டி ஒப்பிட இது ரொம்ப உதவும். ‘டெபியன்_ஃப்ரன்ட்எண்ட்’ வேரியபிளை ‘நான்இன்டராக்டிவ்’ என்று வைக்காவிட்டால் ஏதாவது ஒரு பேக்கேஜ் கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் விடிய விடிய நின்றாலும் நிற்கும். பேக்கேஜ்களை ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக இறக்காமலிருக்க இறக்கியதைச் சேமித்துத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்திருந்தால், அதன் 3142 போர்ட்டைக் காட்டும் ப்ராக்ஸி வேரியபிளும் தேவை.

கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப்பில் ஆரம்பிக்கிறேன். எந்த மெஷினிலும் இருக்கும், ஒரே வரியில் முடியும், முப்பது வருஷமாக யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. ஆனால் வேரியபிள் விஷயத்தில் இதைவிடக் கஞ்சன் கிடையாது. உங்கள் பாஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்புகளை அது திறந்தே பார்க்காது. கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்வது ‘பாத்’ வேரியபிள்; டெபியனில் அது தரும் ‘பாத்’தில் இரண்டே இரண்டு டைரக்டரிதான், அவற்றில் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் கிடையாது. அடிப்படை டெபியனை இறக்கி அமைக்கும் டிபூட்ஸ்ட்ராப் இருப்பதோ எஸ்பினில். எங்களோடு வேலை பார்க்கும் ஆரியங்காவுத் தம்பி ஒருநாள் போன் போட்டான்.

“அண்ணாச்சி, டெர்மினல்ல நல்லா ஓடுது. கிரான்ல போட்டா டிபூட்ஸ்ட்ராப்பே இல்லங்குது. ரூட்டாத்தானே ஓட்டுறேன்?”

“ரூட்டா இருந்தா என்னடே, கிரான்டேப் மேல ‘பாத்’ எழுதியிருக்கியா?”

“எழுதியிருக்கேனே. பழைய ‘பாத்’தோட எஸ்பினைச் சேத்துத்தான் எழுதியிருக்கேன்.”

சிக்கல் அங்கேதான். கிரான்டேப்பின் வேரியபிள் வரிகளில் டாலர் குறிக்கு மதிப்பே கிடையாது. பழைய ‘பாத்’தைக் குறிக்க டாலர் போட்டு எழுதினால் அந்த எழுத்துகளையே டைரக்டரி பெயராக எடுத்துக்கொள்ளும். முழுப் பட்டியலையும் கையால் எழுத வேண்டும். அடுத்த கண்ணி % குறி. கட்டளை வரியில் அது வந்தால் கிரான் அங்கே வரியை முறித்துவிடும், மிச்சத்தை உள்ளீடாக அனுப்பிவிடும். லாக் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒருதடவையாவது இதில் மாட்டுவார்கள். முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டால் தப்பிக்கலாம். போதாக்குறைக்கு டெபியனில் கிரான் கூப்பிடுவது பாஷ் அல்ல, டாஷ். ‘சோர்ஸ்’ கட்டளை அதற்குத் தெரியாது, ஒற்றைப் புள்ளிதான் தெரியும்.

இதெல்லாம் ஒருமுறை பழகிவிட்டால் தீர்ந்துவிடும் தொல்லைகள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஜூன், ஜூலை மழையில் ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, விடிகாலை நாலு மணிக்கு மெஷின் எழுந்தால் இரண்டு மணி வேலையைக் கிரான் மறந்தே போயிருக்கும். தவறிய வேலையைப் பிறகு ஓட்டும் அனாக்ரான் சேர்த்தால் பிடிக்கலாம், ஆனால் நேரத்தின் மேல் அதே அளவு பிடி இருக்காது.

லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமரில் இதற்கு ‘பெர்சிஸ்டன்ட்’ என்று ஒரே வரி. தவறவிட்ட வேலையை மெஷின் எழுந்ததும் ஓட்டும். மலையடிவாரத்தில் சர்வர் வைத்திருப்பவனுக்கு இந்த ஒரு வரிக்காகவே மாறலாம். வேரியபிள்களை ‘என்விரான்மென்ட்ஃபைல்’ என்று தனிக் கோப்பில் வைக்கலாம். அதை, மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கிட்டில் போட்டுவிட்டால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தெரியும். லாக் ஜர்னலில் தானாகச் சேரும்.

ஆனால் அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் மாதிரி இருக்குமே தவிர, ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல. ‘எக்ஸ்போர்ட்’ என்று எழுதக்கூடாது. இங்கேயும் டாலர் விரியாது. மேற்கோள் இல்லாமல் இரண்டு சொல் மதிப்பு கொடுத்தால் சிஸ்டம்டி இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பாக எடுத்துக்கொள்ளும். அதே கோப்பை ஷெல்லில் ஏற்றினால் இரண்டாவது சொல்லைக் கட்டளையாக நினைத்து ஓட்டப் பார்க்கும். பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே கோப்பு வேண்டுமானால் எல்லா மதிப்பையும் மேற்கோளுக்குள் போட்டுவிடுவது நல்லது. இன்னொன்று: யூனிட்டில் (சர்வீஸை விவரிக்கும் சிஸ்டம்டி கோப்பில்) ‘யூசர்’ வரி இல்லையென்றால் ‘ஹோம்’ வேரியபிளே வராது, ரூட்டாக ஓடினாலும் வராது. கிட்டின் குளோபல் செட்டிங்கைத் தொடும் ஸ்கிரிப்ட் ‘ஹோம்’ இல்லை என்று அங்கேயே படுத்துவிடும். ‘யூசர்=ரூட்’ என்று வெளிப்படையாக எழுதினால் தீர்ந்தது. பில்டு தோற்றால் தானாக மெயில் வராது. அதற்கென்று ‘ஆன்ஃபெய்லியர்’ யூனிட் ஒன்று எழுத வேண்டும். இந்த விஷயத்தில் கிரானின் ‘மெயில்டூ’ எவ்வளவோ மேல்.

இமேஜில் கையெழுத்திடும் சாவியின் கடவுச்சொல்லை மட்டும் இந்தக் கோப்பில் வைக்காதீர்கள். யூனிட்டில் ‘என்விரான்மென்ட்’ வரியாக எழுதினால் இன்னும் மோசம், அந்த மெஷினில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் ‘சிஸ்டம்சிடிஎல் ஷோ’ போட்டுப் பார்க்கலாம். சிஸ்டம்டி 247 முதல் ‘லோட்கிரெடென்ஷியல்’ வசதி இருக்கிறது. ரகசியம் வேரியபிளாக வராது, அந்த சர்வீஸ் மட்டும் படிக்கக்கூடிய கோப்பாக வரும்.

பில்டுகளைத் தானாக ஓட்டும் வெப் சர்வர்களான ஜென்கின்ஸ், கிட்லேப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், மூன்று பேர் வேலைக்கு அவை அதிகம். ரகசியத்தை லாக்கில் மறைப்பது, யார் எப்போது ஓட்டினார்கள் என்ற வரலாறு, பிரவுசரிலேயே லாக், இதெல்லாம் உண்மையிலேயே நல்ல வசதிகள். ஜென்கின்ஸ் ஷெட்யூலில் நிமிடத்துக்குப் பதிலாக ‘எச்’ போட்டால் எல்லா வேலையும் ஒரே நிமிடத்தில் முட்டிக்கொள்ளாமல் அதுவே பரப்பிக்கொள்ளும், அழகான யோசனை. ஆனால் வேரியபிள்களை அங்கேயே அமைத்தால் அவை வெப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. போன வாரத்து பில்டுக்கு என்ன மதிப்பு இருந்தது என்று கிட்டில் தேடினால் கிடைக்காது. கிட்லேபில் ‘புரொடெக்டட்’ என்று குறித்த வேரியபிள், புரொடெக்ட் செய்யாத கிளைக்குப் போகவே போகாது. பிழை எதுவும் காட்டாமல் வெறும் மதிப்பு வரும், பில்டு முடிந்து கையெழுத்துப் போடும் கட்டத்தில்தான் உடையும். லைவ்-பில்டுக்கு மவுன்ட் செய்யும் உரிமை வேண்டும் என்பதால் பில்டு ஓடும் கண்டெய்னருக்கும் முழு உரிமை கொடுத்தாக வேண்டும். வேலையை ஓட்டும் ரன்னரை நீங்களே வைத்தால் கடைசியில் அது உங்கள் மெஷினில்தான் ஓடும், மழைக்கும் கரண்டுக்கும் அங்கேயும் அதே கதிதான்.

நான்காவது வழியை ஒரு ஷெட்யூலர் என்று சொல்ல முடியாது. பெரிய இயங்குதளங்களைக் கட்டுகிறவர்கள் வெகுகாலமாகச் செய்துவருவது அது. 2010இல் ஓப்பன்சோலாரிஸிலிருந்து கிளைத்த இல்லுமோஸ் இயங்குதளத்தில் ‘நைட்லி’ என்றே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. வேரியபிள்கள் எழுதிய ஒரு கோப்பை அதற்குக் கொடுத்தால் போதும், எதை, எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அதிலிருந்தே வரும். அதே கோப்பை ‘பில்ட்என்வ்’ என்ற கருவிக்குக் கொடுத்தால் ராத்திரி பில்டு பார்த்த அதே சூழலோடு பகலில் ஒரு ஷெல் திறந்து தரும். நான் முதலில் வைத்த கேள்விக்கு இதைவிட நேரான பதிலை வேறெங்கும் பார்த்ததில்லை. சிறு கருவிகளுக்கான லினக்ஸைக் கட்டும் யோக்டோ இன்னும் கறார். அதன் பில்டு கருவியான பிட்பேக் தொடங்கும்போதே உங்கள் வேரியபிள்களைத் துடைத்துவிடும், அனுமதிப் பட்டியலில் இருப்பவை மட்டுமே உள்ளே போகும். அந்தப் பட்டியலைக் குறிக்கும் வேரியபிளின் பெயரையே 2022இல் வந்த கிர்க்ஸ்டோன் வெளியீட்டில் மாற்றினார்கள். பழைய பெயரோடு இருக்கும் ஸ்கிரிப்டைத் தூக்கிவந்து கிர்க்ஸ்டோனில் ஓட்டினால் உங்கள் வேரியபிள் வாசலிலேயே நின்றுவிடும்.

எங்கள் அளவுக்கு இதே வேலையைச் செய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ‘என்வ் -ஐ’ போட்டு வெறும் சூழலில் தொடங்கி, ஏற்றுவதெல்லாம் மற்ற புரோகிராம்களுக்கும் போகும்படி ‘செட் -ஏ’ போட்டு, கிட்டில் உள்ள கோப்பை ஏற்றி, பிறகு லைவ்-பில்டைக் கூப்பிட வேண்டும். ரூட் உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோவை மட்டும் நடுவில் விடாதீர்கள், அது வழக்கமாக வேரியபிள்களைக் களைந்துவிட்டுத்தான் ரூட்டுக்குப் போகும். ப்ராக்ஸியும் ‘டெபியன்_ஃப்ரன்ட்எண்ட்’டும் காணாமல் போவது பெரும்பாலும் அங்கேதான். சூடோ வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் வெளியே, முதல் ஆளாக வரட்டும்.

ஆக, என் தேர்வு தனிக் கோப்பும் அந்த ஸ்கிரிப்டும், அதை எழுப்ப சிஸ்டம்டி டைமர். யூனிட்டில் ‘என்விரான்மென்ட்ஃபைல்’ வரியே வேண்டாம், ஸ்கிரிப்டே கோப்பை ஏற்றிக்கொள்ளும். ஏற்கெனவே கிரானில் நிம்மதியாக ஓடுகிறது, மெஷினும் அணைவதில்லை என்றால் அப்படியே விடுங்கள், கிரான்டேப்பில் உள்ள வேரியபிள்களை மட்டும் கோப்புக்கு மாற்றுங்கள். கோடில் கை வைப்பவர்கள் ஏழெட்டுப் பேராகி, அவர்களில் சிலருக்குச் சாவியைக் காட்டக் கூடாது என்ற நிலை வந்தால் கிட்லேபுக்குப் போகலாம். அப்போதும் சாவி மட்டும் அங்கே இருக்கட்டும், மற்ற வேரியபிள்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஸ்கிரிப்டின் முதல் வேலையாக எல்லா வேரியபிளையும் வரிசைப்படுத்தி லாக்கில் எழுதச் சொல்லுங்கள், கடவுச்சொல் ஏற்றுவது அதற்குப் பிறகு. ராத்திரி உடைந்தால் பகல் லாக்கையும் ராத்திரி லாக்கையும் வித்தியாசம் காட்டும் ‘டிஃப்’பில் போட்டால் தேட வேண்டிய வரி மேலேயே தெரியும்.