செல்ஃப் எடுக்காத காருக்கு மூன்று பில்: எர்த் பார்க்காமல் பேட்டரி மாற்றச் சம்மதிக்காதீர்கள்

சென்னையில் ஓடும் பத்து வயது பெட்ரோல் கார். சாவியைத் திருப்பினால் சில நாள் 'டக்' என்று ஒரே சத்தம், சில நாள் இழுத்து இழுத்துச் சுற்றும், சில நாள் ஒரு குறையும் இல்லாமல் கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி அதே தொல்லை. அடுத்து செல்ஃப் மோட்டார். அதற்கும் அடங்காததால், "டைனமோ சார்ஜ் ஏத்தல" என்று ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம், பேச்சில் டைனமோ). மூன்று பில்லும் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, கோளாறு மட்டும் போகவில்லை. பிறகு வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்தபோது, கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. சில நூறு ரூபாய் வேலை.

மூன்று பாகம் மாற்றியவர்கள் ஒரு தடவைகூட சாவி திருப்பும் நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. இது கவனக்குறைவு இல்லை, வாடிக்கையாளர் பணத்தில் குருட்டடி அடிப்பது.

புது பேட்டரி போட்டதும் சரியானது போலத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. வேலை செய்யும்போது ஒயர்கள் அசைந்து, அரித்த இடம் தற்காலிகமாக நன்றாகத் தொட்டுக்கொள்ளும். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எர்த்தில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். இவ்வளவு சின்னத் தடை சாதாரண மீட்டரின் ஓம் அளவில் தெரியாது. ஒயர் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது மீட்டர் தரும் 'பீப்' சத்தமும் ஒழுங்காக வரும். "எர்த் செக் பண்ணிட்டேன், பீப் வருது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

ஆல்டர்னேட்டர் மேல் பழி விழுந்ததும் இதனால்தான். அதன் எர்த்தும் இன்ஜின் வழியாகவே போகிறது. பட்டை கெட்டிருந்தால் பேட்டரியில் 13 வோல்ட்தான் காட்டும். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் 14-க்கு மேல் இருக்கும். அங்கே சரியாக இருந்தால் டைனமோ நல்ல டைனமோ.

சோதனை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சாவி போடாமல், வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. பாதியில் இருக்கும் பேட்டரியை முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். அடுத்து நியூட்ரல், ஹேண்ட் பிரேக். இன்ஜின் பிடிக்காமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, ஒருவரை ஐந்து நொடிக்கு மேல் போகாமல் சாவி திருப்பச் சொல்லுங்கள். அப்போது பேட்டரியில் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டரின் சிவப்பை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் கருப்பை பேட்டரியின் மைனஸ் முனையிலும் (கிளாம்ப்பில் இல்லை, ஈய முனையிலேயே) வைத்துத் திரும்பவும் சாவி. 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கோளாறு. இந்தக் காரில் 2 வோல்ட்டுக்கு மேல் வந்தது. பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை 0.5-க்குள் இருக்க வேண்டும்.

மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் உலோகத்துக்குப் போட்டு, பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொண்டு, சாவி திருப்புங்கள். உடனே விறுவிறுவென்று சுற்றினால் எர்த்தைப் பிடித்துவிட்டீர்கள். கேபிள் வகை கிளட்ச் உள்ள வண்டிகளில் அந்தக் கேபிள் சூடாவதும் இதற்கான அறிகுறி. மின்சாரம் வேறு வழி இல்லாமல் அதில் பாய்கிறது.

சத்தத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் லூஸ். ஒரே 'டக்' என்றால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்), மோட்டார், எர்த் உட்பட தடித்த ஒயர். சத்தமே இல்லையென்றால் ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல், ஸ்பார்க், கிராங்க் சென்சார் பக்கம் போக வேண்டும்.

பட்டையை மாற்றும்போது முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள், கடைசியில் அதையே மாட்டுங்கள். பாடியில் பெயின்ட்டும் துருவும் போகும் வரை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினால் கடற்கரைக் காற்றுக்குத் தாங்கும்.

இன்னொரு நஷ்டமும் இதில் உண்டு. கழற்றிய பேட்டரிக்கு வாரண்டி முடியவில்லை. அதையும் பழசு என்று கடையிலேயே வைத்துக்கொண்டார்கள். வாரண்டி உள்ள பேட்டரியை அந்தக் கம்பெனியின் டீலரிடம் லோட் டெஸ்ட் (அதிக மின்சாரம் இழுக்கும்போது பேட்டரி தாங்குகிறதா என்ற சோதனை) செய்யாமல் கொடுத்துவிடாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் தரவும், மாற்றுவதற்கு முன் எடுத்த வோல்ட் அளவை பில்லிலேயே எழுதவும் முன்கூட்டியே சொல்லுங்கள். எழுத மறுக்கிற இடத்தில் வண்டியை விட வேண்டாம். பணம் கட்டிவிட்டவர்கள் பில்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.