ஐகான் மாறிப்போனால்: கேஷை அழிக்கவா, டீஃபால்ட் ஆப்பை மாற்றவா?

பழைய பிடிஎஃப் ரீடர் ஒன்றை என் விண்டோஸ் கணினியிலிருந்து நீக்கினேன். அதோடு டெஸ்க்டாப்பில் இருந்த பிடிஎஃப் ஃபைல்கள் அத்தனையும் வெறும் வெள்ளைத் தாளாக மாறிவிட்டன. இணையத்தில் தேடினால் முதலில் வருவது "ஐகான் கேஷை அழியுங்கள்" என்பதுதான். இன்னொரு வழி, செட்டிங்ஸில் போய் அந்த வகை ஃபைலுக்கு டீஃபால்ட் ஆப்பை, அதாவது அதை வழக்கமாகத் திறக்கும் நிரலை, மாற்றி வைப்பது. மூன்றாவது, ஐகானை மட்டும் மாற்றித் தரும் தனி மென்பொருள். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், இப்போதும் அதன் பக்கம்தான்.

கேஷ் முறையை முதலில் பார்த்துவிடலாம். ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு நிரலிடமும் போய் ஐகானைக் கேட்டுக்கொண்டிருந்தால் விண்டோஸ் மெதுவாகிவிடும். அதனால் ஒருமுறை வாங்கிய படத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்புதான் கேஷ். விண்டோஸ் 7-இல் இது ஒரே மறைவு ஃபைல். விண்டோஸ் 10, 11-இல் ஐகானின் அளவுவாரியாகப் பல ஃபைல்கள். ஃபோல்டர்களையும் டாஸ்க்பாரையும் காட்டும் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல், ஓடும்போது இவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்தி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் வழியாக அந்த ஃபைல்களை அழித்து, மறுபடி எக்ஸ்ப்ளோரரைத் தொடங்க வேண்டும். நடுவில் டாஸ்க்பார் மறைந்துவிடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், பயம் வேண்டாம். பெரிய ஃபைல் ஏதாவது காப்பி ஆகிக்கொண்டிருந்தால் மட்டும் அது முடியட்டும்.

இதில் ஆபத்து பெரிதாக இல்லை, காசும் இல்லை. ஆனால் என் கேள்வி ஒன்றுதான்: சரிசெய்தது நிற்குமா?

கேஷ் என்பது நகல். மூலம் சரியாக இருந்து நகல் மட்டும் கெட்டிருந்தால் அழித்ததும் வேலை முடிந்தது. மூலமே தவறாக இருந்தால், விண்டோஸ் அதே தவறை மறுபடி நகலெடுத்து வைக்கும். என் விஷயத்தில் மூலம்தான் போயிருந்தது. பிடிஎஃப் என்ற வகையை நீக்கப்பட்ட ரீடரோடு சேர்த்துவைத்த குறிப்பு, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருந்தது. அது காட்டிய இடத்தில் நிரலும் இல்லை, ஐகானும் இல்லை. ஃபைலை டபுள் கிளிக் செய்தால் "எதில் திறக்கட்டும்?" என்று விண்டோஸ் கேட்டதே அதற்குச் சாட்சி. அங்கே கேஷை எத்தனை முறை அழித்தாலும் வெள்ளைத் தாள்தான் திரும்பி வரும்.

எது கெட்டிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு வகை ஃபைல் மொத்தமும் மாறியிருந்தால், அந்த வகைக்கும் அதைத் திறக்கும் நிரலுக்கும் உள்ள இணைப்பில் கோளாறு. பல வகைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறியிருந்தால், அல்லது ஃபைல் சரியாகத் திறந்தும் பழைய ஐகானே தெரிந்தால், கேஷைச் சந்தேகிக்கலாம்.

இணைப்பைச் சரிசெய்வது எளிது. ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் "சேஞ்ச்" பொத்தான், வேண்டிய நிரல். அவ்வளவுதான். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. நிரல் பட்டியலில் இல்லையென்று அதை இயக்கும் இஎக்ஸ்இ (.exe) ஃபைலை நாமே தேடிக் காட்டினால், பெரும்பாலும் வெள்ளைத் தாளுக்குள் சின்னதாக நிரலின் ஐகான் வைத்த ஒட்டுப்படம்தான் கிடைக்கும். ஃபைல் வகைக்கென்று உள்ள ஐகானை நிரல் இன்ஸ்டால் ஆகும்போதுதான் பதிவு செய்யும். ஆகவே நிரலை முறையாக மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பழைய குறிப்புகளைப் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் நேரடியாகக் கைவைக்க நினைப்பவர்களுக்கு: விண்டோஸ் 8 முதல் பயனரின் தேர்வோடு ஒரு சரிபார்ப்பு மதிப்பும் சேர்ந்தே பதிவாகிறது. அதற்குப் பொருந்தாமல் கையால் மாற்றினால் விண்டோஸ் அதை ஏற்காது.

தனி மென்பொருள் வழி, எனக்கு இந்த ஐகான்தான் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு. எக்ஸ்பி காலத்தில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸிலேயே இந்த வசதி இருந்தது, விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். அந்தக் குறையை நிர்சாஃப்ட் தளத்தின் ஃபைல்டைப்ஸ்மேன் (FileTypesMan) என்ற மென்பொருள் தீர்க்கிறது. இலவசம், இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். ஆனால் நிரல் அப்டேட் ஆகும்போது தன் ஐகானை மறுபடி எழுதிவிட்டால் நாம் வைத்தது போய்விடலாம். இதை நான் நீண்ட நாள் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் சொன்னதெல்லாம் வீட்டுக் கணினிக்கு. அலுவலகக் கணினியில் டீஃபால்ட் ஆப்பை நிர்வாகியே முடிவு செய்து வைத்திருக்கலாம். அங்கே நீங்கள் மாற்றினாலும் அடுத்த லாகினில் பழையபடி ஆகிவிடக்கூடும், அவரிடமே சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.