தினமும் உச்ச எடையா, கணக்கிட்ட எடையா?

பல்கேரியப் பளுதூக்குதல் பயிற்சியாளர் இவான் அபாஜியெவின் வழியில் ஸ்னாட்ச் (கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்), ஸ்குவாட் (கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) என ஒருசில பயிற்சிகளே உண்டு. ஆனால் அன்றாடம், அன்றைக்கு முடிந்த உச்ச எடை வரை தூக்க வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பல்கேரியா பளுதூக்குதலில் 3 தங்கம் வென்றது. 1988 சியோலில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அதே அணி பாதியில் விலகியதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவ்வளவு சுமையிலிருந்து மீள உணவும் உறக்கமும் மட்டும் போதுமா என்பது என் ஐயம்.

சோவியத் வழி பொறுமையானது. எந்த எடையை எத்தனை முறை தூக்கலாம் என்று சொல்லும் பிரிலெபின் அட்டவணைப்படி, உச்சத்தில் 80 முதல் 89 சதவீத எடைக்கு செட்டுக்கு (இடையில் ஓய்வின்றித் தூக்கும் ஒரு சுற்றுக்கு) 2 முதல் 4 முறை, மொத்தம் சுமார் 15. அதாவது 100 கிலோ ஸ்னாட்ச் செய்பவர் 85 கிலோவை மும்மூன்று முறையாக 5 செட் தூக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார். 90 சதவீதத்தைத் தாண்டினால் மொத்தமே 7தான். கடைசி செட்டிலும் கம்பி தலைக்கு மேல் ஆடாமல் நிற்கும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் முனகாது.

வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சி செய்பவருக்குத் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன். போட்டி நெருங்கும் வாரங்களில் மட்டும், முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தால், ஒருநாள் உச்சத்தைத் தொட்டுப் பார்க்கலாம்.