டைம்ஷேர் உறுப்பினர் உரிமையை விற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்கள்: ₹1,11,700 இழந்தவனின் எச்சரிக்கை

விடுமுறை விடுதிகளின் 25 ஆண்டு உறுப்பினர் திட்டத்தில், அதாவது டைம்ஷேர் என்றும் ஹாலிடே மெம்பர்ஷிப் என்றும் நாம் சொல்லும் திட்டத்தில், பணத்தைப் போட்டுவிட்டு அனுபவிக்கவும் முடியாமல் விட்டொழிக்கவும் முடியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்கள் உறுப்பினர் உரிமையை வாங்க ஆள் தயாராக இருக்கிறது" என்று தொலைபேசியில் பேசியவர்களை நம்பி, 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூன்று தவணையாக ₹1,11,700 கொடுத்து ஏமாந்தேன். மின்வாரியத்தின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒப்பந்தக்காரர்களின் பட்டியல்களில் வரிப் பிடித்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவதே என் வேலையாக இருந்தது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

உறுப்பினர் ஆன கதை பெரும்பாலோருக்குத் தெரிந்த கதைதான். 2009இல் சென்னையில் ஒரு வணிக வளாகத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் போட்ட சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாக அழைத்தார்கள். நட்சத்திர விடுதி ஒன்றில் காபியும் சமோசாவும் கொடுத்து மூன்று மணி நேரம் பேசினார்கள். எழுந்து வரும்போது ₹2,15,000க்குத் தவணை ஒப்பந்தத்தில் நானும் என் மனைவியும் கையெழுத்திட்டிருந்தோம். அடுத்த 15 ஆண்டுகளில் ஆறு முறை போய்த் தங்கியிருக்கிறோம். மே மாதத்தில் கொடைக்கானலில் அறை கேட்டால் ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் ஏறிக்கொண்டே வந்து 2024இல் ₹19,000ஐத் தாண்டியது. 2034 வரை இதைக் கட்டியாக வேண்டுமே என்ற கவலையில் இருந்தவனுக்குத்தான் அந்த அழைப்பு வந்தது.

முதலில் பேசிய பெண் ஆங்கிலத்தில் பேசினார். நான் தடுமாறுவதைக் கண்டதும் தமிழ் பேசும் ஒருவரிடம் கொடுத்தார். அவர் என் உறுப்பினர் எண், சேர்ந்த ஆண்டு, அறை வகை, நிலுவைத் தொகை எல்லாவற்றையும் ஒப்பித்தார். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதற்காகப் பழைய உறுப்பினர் உரிமைகளை மொத்தமாக வாங்குகின்றன என்றும், என் உரிமைக்கு ₹5,40,000 நிர்ணயமாகியிருக்கிறது என்றும், விற்பனை முடிந்தால்தான் அவர்களுக்குத் தரகு என்றும் சொன்னார். எதையும் அவசரப்படுத்தாத, "ஐயா, நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்" என்று விட்டுக்கொடுத்துப் பேசுகிற குரல் அது. தடையில்லாச் சான்றுக்கும் பதிவுக்குமாக ₹14,500 மட்டும் கட்ட வேண்டும், அதுவும் விற்பனைத் தொகையோடு திரும்ப வந்துவிடும் என்றார்.

இந்த இடத்தில் நான் நிதானித்திருக்க வேண்டும். 25 ஆண்டு உரிமையில் மிச்சம் இருப்பதோ 10 ஆண்டு. வீட்டைப் போலவோ மனையைப் போலவோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான சொத்தும் இல்லை. ஆண்டுக்குச் சில நாட்கள் தங்கிக்கொள்வதற்கான வெறும் ஒப்பந்தம். மாற்றிக் கொடுப்பதென்றால் நிறுவனம் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், நிலுவையைத் தீர்க்க வேண்டும், மாற்றுக் கட்டணத்தை நிறுவனத்துக்கே கட்ட வேண்டும் என்று என் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆண்டுதோறும் தேய்கிற ஒரு பொருளை, வாங்கிய விலையைப் போல் இரண்டரை மடங்கு கொடுத்து வாங்க எவன் வருவான்? கேட்டிருந்தால் பதில் எனக்கே தெரிந்திருக்கும். 2009இல் நாம் செய்தது முட்டாள்தனம் இல்லை, நல்ல முதலீடுதான் என்று ஒருவர் வாயால் கேட்பதில் இருந்த சுகம் கேள்வி கேட்க விடவில்லை. அவர்கள் எனக்கு விற்றது அந்தச் சுகத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

யூபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போது திரையில் ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்கள் கணக்குப் பிரிவு அதிகாரி, ஐயா" என்றார். அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வரைவோலையின் படம் வந்தது. புகழ்பெற்ற வங்கி ஒன்றின் பெயர், ₹5,40,000 என்று எண்ணிலும் எழுத்திலும், பெறுபவர் இடத்தில் என் பெயர். 2009இல் என் உறுப்பினர் அட்டையை அச்சடித்தபோது தலைப்பெழுத்து 'டி' என்பதைத் தவறாக 'பி' என்று போட்டுவிட்டார்கள். பல முறை எழுதியும் திருத்தித் தரவில்லை. அந்த வரைவோலையிலும் அதே 'பி' இருந்தது. நிறுவனத்தின் பதிவேட்டைப் பார்த்துத்தானே எழுதியிருக்கிறார்கள், அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும் என்று மகிழ்ந்துபோனேன். உறுப்பினர்களின் விவரம் எங்கிருந்தோ கசிந்து இவர்கள் கைக்கு வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று என்பது பிறகுதான் உறைத்தது. தவறான தலைப்பெழுத்தில் வரும் வரைவோலை என் கணக்கில் வரவாகுமா என்றுகூட அன்று யோசிக்கவில்லை.

படத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. ₹5,40,000க்கு 18 சதவீத ஜிஎஸ்டி ₹97,200 என்றும், அதைக் கட்டிய ரசீது கிடைத்ததும் வரைவோலை கூரியரில் புறப்படும் என்றும் அதில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ₹50,000, திங்கட்கிழமை ₹47,200 என்று இரண்டு வெவ்வேறு கணக்குகளுக்கு நெஃப்ட் செய்தேன். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் அவர்கள் சொன்ன நிறுவனத்தின் பெயரைத்தான் தட்டச்சு செய்தேன், ஆனால் நெஃப்ட்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போகுமே தவிரப் பெயரைப் பார்த்துப் போகாது. அனுப்புமுன் கணக்குக்குரியவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் 1க்குள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதே 2024 டிசம்பர் இறுதியில்தான். இப்போது அந்த வசதி இருக்கிறது; தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

புதன்கிழமை மூன்றாவது கோரிக்கை வந்தது: 10 சதவீத வரிப் பிடித்தம் ₹54,000. கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி, ஒலிபெருக்கியில் அந்த உரையாடலை முழுவதும் கேட்டுவிட்டு, "ஏங்க, நமக்குப் பணம் தர்றவனுக்கு நாம எதுக்குங்க பணம் கட்டணும்?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் தொலைபேசியை வைத்தேன்.

வரிப் பிடித்தம் என்பதே, பணம் கொடுப்பவர் கொடுக்கும் தொகையிலிருந்து பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டுவது. பெறுபவர் தன் கையிலிருந்து முன்கூட்டிக் கட்டுவதற்கு அதில் வழியே கிடையாது. பிடித்தது வருமான வரித் துறையில் நம் பெயரில் உள்ள வரிக் கணக்கில் தெரியும். ஜிஎஸ்டியும் அப்படித்தான். சேவையோ பொருளோ வாங்குபவர் விலையோடு சேர்த்துக் கொடுக்க, விற்கும் நிறுவனம் அதை அரசுக்குச் செலுத்துகிறது. தன் பழைய உறுப்பினர் உரிமையை விற்கும் ஓர் ஓய்வூதியர், விற்பனை விலை முழுவதற்கும் ஜிஎஸ்டி கணக்கிட்டு ஏதோ ஒரு தனிநபர் கணக்கில் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இது என் தொழில். ஆனாலும் கட்டினேன்.

மறுநாள் காலை வரைவோலையின் படத்தை எடுத்துக்கொண்டு என் வங்கிக் கிளைக்குப் போனேன். மேலாளர் அரை நிமிடம்தான் பார்த்தார். ₹20,000க்கும் அதற்கு மேற்பட்ட தொகைக்கும் வரைவோலை கொடுத்தால் கணக்கில் மட்டுமே வரவு வைக்கும்படி குறுக்குக்கோடு போட்டே கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதில் கோடே இல்லை. 2018 செப்டம்பர் 15 முதல் வரைவோலையை எடுப்பவரின் பெயரும் அதன் முகப்பிலேயே அச்சாக வேண்டும். இதில் அதுவும் இல்லை. "யாரோ 2018க்கு முந்திய படத்தை வைத்துத் தொகையையும் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள்" என்றார். என் பணத்தைத் திரும்பக் கேட்டபோது, வாடிக்கையாளர் அறியாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்குத்தான் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி பாதுகாப்புத் தருகிறது, நீங்களே ஓடிபி போட்டு அனுப்பியதற்கு அது பொருந்தாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

அந்தப் பட்டியலில் இருந்த ஜிஎஸ்டி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் உட்கார்ந்தபடியே எவரும் இதைச் சரிபார்த்துவிடலாம். எண்ணில் மொத்தம் 15 இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, மகாராஷ்டிரத்துக்கு 27, டெல்லிக்கு 07, உத்தரப் பிரதேசத்துக்கு 09. என்னிடம் வந்த பட்டியலில் முகவரி மும்பை, எண்ணோ 09இல் தொடங்கியது. அடுத்த பத்தும் பான் எண். அதன் நான்காவது எழுத்து நிறுவனமாக இருந்தால் 'சி' என்றும், தனிநபராக இருந்தால் 'பி' என்றும் இருக்கும். பிரைவேட் லிமிடெட் என்று போட்டுக்கொண்டவர்களின் எண்ணில் இருந்தது 'பி'. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தேடியபோது ஆயத்த ஆடைக் கடை ஒன்றின் பெயர் வந்தது. அந்தக் கடைக்காரருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

வங்கியிலிருந்தே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தேன். பணம் போன கணக்கு எண், நாள், நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். பிறகு தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யச் சொன்னார்கள். இதில் நேரம்தான் எல்லாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து ஏடிஎம் வழியாகக் கைக்கும் போய்விடுவதற்குள் தகவல் கிடைத்தால்தான் வங்கிகளால் முடக்க முடியும். முதலில் கொடுத்த ₹14,500ம் வெள்ளிக்கிழமைப் பணமும் முழுவதுமாகப் போய்விட்டன. திங்கட்கிழமை அனுப்பியதில் ₹11,300 மட்டும் ஒரு கணக்கில் மிச்சமிருந்து முடக்கப்பட்டது. புதன்கிழமை இரவே, தொலைபேசியை வைத்த கையோடு 1930க்கு அழைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும். விடியட்டும் என்று காத்திருந்தது என் இரண்டாவது பெரிய தவறு.

மூன்று வாரம் கழித்து வந்த அழைப்பைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். டெல்லி நுகர்வோர் நீதிமன்ற வழக்குரைஞர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர், அந்தக் கும்பல் பிடிபட்டுவிட்டதாகவும், என் பெயருக்கு ₹1,11,700 ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், முத்திரைத்தாளுக்கும் மனுக் கட்டணத்துக்கும் ₹8,000 அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். தொகையை ரூபாய் சுத்தமாக அவர் சொன்னதிலேயே அவர் யார் என்பது புரிந்துவிட்டது. ஒரு முறை ஏமாந்தவரின் எண் இவர்களுக்குப் புதிய எண்ணைவிட மதிப்பானது போலும். உண்மையில், கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்; டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அழைத்த எண்ணை, மோசடி அழைப்புகளைப் பற்றித் தெரிவிப்பதற்காகத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் சக்ஷு பகுதியில் தெரிவித்தேன்.

இது நம் நாட்டுத் தந்திரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டாலஸில் இருக்கும் என் மருமகன், அங்கே டைம்ஷேர் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலருக்கும் இப்படி அழைப்புகள் வருவதாகச் சொன்னார். மெக்சிகோவின் ஹலிஸ்கோ போதைப்பொருள் கும்பலே அமெரிக்க முதியவர்களை இப்படி ஏமாற்றி வருவதாக 2024 ஜூலையில் அமெரிக்க நிதித்துறையும் எஃப்பிஐயும் எச்சரித்தன. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 பேர் ஏறத்தாழ 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள். அங்கேயும் அதே வரிசைதான்: வாங்க ஆள் தயார், முதலில் கட்டணம், பிறகு வரி, பிறகு இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று இன்னொருவர்.

உங்களுக்கு இப்படி அழைப்பு வந்தால், கட்டணம் எதுவானாலும் விற்பனைத் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்னை இரண்டாவதாக அழைத்த அந்த 'வழக்குரைஞரிடம்', ₹8,000ஐ ஒதுக்கிய தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும்படி சொல்லிப் பார்த்தேன். அந்த மரியாதையான குரல் அரை நிமிடத்தில் வசவாக மாறியது. உண்மையாகவே விலக நினைத்தால், உங்கள் பழைய ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கும் முகவரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அழைத்தவர் கொடுக்கும் எண்ணில் விசாரித்தால் அவருடைய கூட்டாளிதான் எடுப்பார். நான் எழுதியதற்கு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் இல்லை, குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம், தங்கள் பெயரில் எவரையும் விற்பனைக்கு நியமிக்கவில்லை. இந்தக் கடைசி வரியை எல்லா உறுப்பினர்களுக்கும் முன்பே எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

முடக்கப்பட்டிருக்கும் ₹11,300ஐ விடுவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். மனுவில் என் தலைப்பெழுத்து 'டி' என்றுதான் இருக்கிறதா என்று என் மனைவி இரண்டு முறை பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்.